√5445 எப்படி 33√5 ஆகிறது? சேடுகளைச் சுருக்க ஓர் அறிமுகம்

யாழ்ப்பாணப் பக்கத்தில் காணியைப் பரப்பு என்ற அளவில் சொல்வார்கள். இரண்டு பரப்புக் காணி ஒன்று சரி சதுரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் கதியால் போட்டு அடைக்க வேண்டும். ஒரு பக்கம் எத்தனை அடி வரும்?

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஏக்கருக்கு 16 பரப்பு என்ற கணக்கில் ஒரு பரப்பு 2,722.5 சதுர அடி. இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. சதுரத்தின் பரப்பளவு பக்கத்தின் வர்க்கம் என்பதால் பக்கம் √5445 அடி. கணிகருவியில் தட்டினால் 73.79024325 என்று தொடங்கி, திரை நிரம்பும் வரை போகும். வேலி அடைக்கிறவருக்கு 73 அடி ஒன்பதரை அங்குலம் என்றால் போதும். கணக்குக் கொப்பிக்கு அது போதாது. அந்தத் தசமத்தை எந்த இடத்தில் வெட்டினாலும், வெட்டிய எண்ணின் வர்க்கம் 5445 ஆகாது.

அதே பக்கத்தை 33√5 என்றும் எழுதலாம். இங்கே எதுவும் வெட்டப்படவில்லை. 33 × 33 = 1089; 1089 × 5 = 5445. பெறுமானம் அப்படியே இருக்கிறது, எழுதும் முறைதான் மாறியிருக்கிறது. இந்த 33 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் காணியின் கதையே தெரியும். ஒரு பரப்பு 10 பேர்ச். ஒரு பேர்ச் என்பது 16.5 அடிச் சதுரம். இரண்டு பரப்பு 20 பேர்ச், அதாவது 4 × 5 பேர்ச். அந்த 4 வர்க்கமூலத்திலிருந்து 2 ஆக வெளியே வருகிறது. 2 × 16.5 = 33. வெளியே வர முடியாத 5 உள்ளே தங்கிவிடுகிறது.

√5 போல முழு எண்ணாகவோ பின்னமாகவோ முடியாத மூலம்தான் சேடு. அதைச் சுருக்குதல் என்பது இவ்வளவுதான். மூலக்குறிக்குள் ஒளிந்திருக்கும் நிறைவர்க்கத்தைக் கண்டுபிடித்து வெளியே எடுப்பது. மிகுதியெல்லாம் அதைப் பிழையில்லாமல் செய்வதற்கான பழக்கம்.

குறி என்ன சொல்கிறது

√25 என்றால் 5. அது ±5 அல்ல. வர்க்கித்தால் 25 தரும் எண்கள் இரண்டு உண்டு என்பது உண்மை. ஆனால் √ என்ற குறி அவற்றில் மறை அல்லாததை மட்டுமே குறிக்கும் என்பது உடன்பாடு. ப² = 25 என்ற சமன்பாட்டைத் தீர்க்கும்போது ப = ±√25 என்று ± ஐ நாமே கையால் எழுதிச் சேர்க்கிறோம். குறிக்குள்ளேயே அது இருந்தால் எழுத வேண்டிய தேவையே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். √25 + √9 இன் விடை 8. நான்கு விடைகள் இல்லை.

√ என்ற குறியை 1525இல் அச்சில் கொண்டுவந்தவர் கிறிஸ்தோஃப் ருடோல்ஃப் என்ற கணித ஆசிரியர். அப்போது மேலே நீளும் கோடு கிடையாது. அந்தக் கோட்டை 1637இல் இணைத்தவர் பிரெஞ்சுக் கணிதர் டேக்கார்ட். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: கோடு எதுவரை நீள்கிறதோ அதுவரைதான் குறி செல்லுபடியாகும். 9 இற்கு மேல் மட்டும் கோடு போட்டு அருகில் + 16 எழுதினால் விடை 3 + 16 = 19. இரண்டுக்கும் மேலாக இழுத்தால் √25 = 5. அவசரத்தில் கோட்டை அரைவாசியில் விட்டுவிட்டு, அடுத்த வரியில் அதையே வேறு விதமாக வாசித்துப் பிழைவிடுவது பரீட்சையில் அடிக்கடி நடப்பது. தட்டச்சில் கோடு நீட்ட முடியாததால் இந்தக் கட்டுரையில் அடைப்பைப் பாவிக்கிறோம்: √(9 + 16).

இன்னொரு சொல். √2, √5, √30 போல, எந்த முழு எண்ணாகவோ பின்னமாகவோ முடியாத மூலங்களை நம் இலங்கை 11ஆம் தரப் பாடத்தில் சேடு என்கிறோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் விகிதமுறா மூலம் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். √9 ஒரு சேடு அல்ல, அது 3. √(4/25) உம் சேடு அல்ல, அது 2/5.

ஒரேயொரு விதி, அதன் எல்லை

அ, ஆ இரண்டும் மறை அல்லாத எண்கள் என்றால்

√(அ × ஆ) = √அ × √ஆ

ஏன் என்பதை ஒரு வரியில் காட்டலாம். வலப்பக்கத்தை வர்க்கித்தால் √அ × √ஆ × √அ × √ஆ. ஒழுங்கை மாற்றிச் சேர்த்தால் (√அ × √அ) × (√ஆ × √ஆ) = அ × ஆ. வர்க்கித்தால் அ × ஆ தரும் மறை அல்லாத எண் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் √(அ × ஆ). ஆகவே இரண்டும் சமன். வகுத்தலுக்கும் இதே நியாயம்தான், ஆ பூச்சியமாக இல்லாவிட்டால்.

கூட்டலுக்கு இந்த விதி இல்லை. √(9 + 16) = 5; √9 + √16 = 7. சதுரக் காணியில் பார்த்தால் இது இன்னும் தெளிவு. 2 பரப்புச் சதுரம் ஒன்றும் 8 பரப்புச் சதுரம் ஒன்றும் ஒழுங்கையோரம் அடுத்தடுத்து இருக்கின்றன. சின்னதின் முகப்பு 33√5 அடி. பெரியது 21,780 சதுர அடி, அதாவது 66² × 5, முகப்பு 66√5. இரண்டும் சேர்ந்து 99√5, ஏறத்தாழ 221.4 அடி. ஆனால் 2 + 8 = 10 பரப்புக்கு ஒரே சதுரம் போட்டால் அதன் பக்கம் √27225 = 165 அடி மட்டுமே. 99√5 அடி முகப்பு வேண்டுமென்றால் சதுரம் 18 பரப்பாக இருக்க வேண்டும். பரப்புக் கணக்கிலேயே எழுதினால், √2 + √8 என்பது √10 அல்ல, √18. மூலங்களைக் கூட்டும்போது உள்ளே இருக்கும் எண்களைக் கூட்டுகிறவர் இந்த இரண்டு முகப்பு வேலிகளுக்கும் ஐம்பத்தாறு அடி குறைவாகக் கதியால் வாங்கி வருவார்.

சேட்டில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கிறது. பெருக்கலுக்கு உள்ள விதியைக் கூட்டலுக்கும் நீட்டிவிடுவது.

வெளியே எடுக்கும் வேலை

4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144, 169, 196, 225. இந்த நிறைவர்க்கங்கள் பெருக்கல் வாய்பாடு போல நாக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்த உத்தியும் வேகமாக ஓடாது.

√72 ஐ எடுப்போம். 72 ஐ மீதியின்றி வகுக்கும் மிகப்பெரிய நிறைவர்க்கம் 36. 72 = 36 × 2. ஆகவே √72 = √36 × √2 = 6√2.

மிகப்பெரியது கண்ணில் படாமல் 4 மட்டும் பட்டால்? 72 = 4 × 18, √72 = 2√18. இது பிழையல்ல, முடியவில்லை. 18 இற்குள் இன்னும் 9 இருக்கிறது: 2√18 = 2 × 3 × √2 = 6√2. இந்த இடத்தில் கவனம் வேண்டும். ஏற்கனவே வெளியே நிற்கும் 2 உம் புதிதாக வரும் 3 உம் பெருக்கப்பட வேண்டும். 2 + 3 என்று கூட்டி 5√2 எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். √18 என்பது 3√2. இரண்டு √18 என்றால் இரண்டு தடவை மூன்று √2. அப்படிச் சொல்லிப் பார்த்தால் கூட்டத் தோன்றாது.

எண் பெரிதாகி, கண்ணால் பிடிபடாதபோது முதன்மைக் காரணிகளாக உடைப்பதுதான் நம்பகமான வழி. 5445: இலக்கங்களின் கூட்டுத்தொகை 18, எனவே 9 ஆல் வகுபடும், 605. அது 5 ஆல் வகுபடும், 121. அது 11 × 11. ஆகவே 5445 = 3 × 3 × 5 × 11 × 11. ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்று வெளியே வரும்: 3 உம் 11 உம். சோடியில்லாத 5 உள்ளே. விடை 33√5. சோடியில் இரண்டு எண்களையும் வெளியே எடுத்து 9 × 121 என்று எழுதிவிடக் கூடாது. 3 × 3 இன் மூலம் 3 தானே.

எதுவரை தேடுவது என்ற கேள்விக்குப் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. √1734 ஐப் பாருங்கள். 2 ஆல் வகுத்தால் 867, 3 ஆல் வகுத்தால் 289. அதற்கு மேல் 3, 5, 7, 11 எதுவும் போகவில்லை. இங்கே பலர் 289 ஐ முதன்மை எண் என்று நினைத்து √1734 சுருங்காது என்று எழுதிவிடுவார்கள். 289 = 17². விடை 17√6. இப்படித் தப்பவிடாமல் இருக்க ஓர் ஒழுங்கு இருக்கிறது: தரப்பட்ட எண்ணின் கனமூலம் வரையுள்ள முதன்மை எண்களால் மட்டும் வகுத்துப் பாருங்கள். 12 × 12 × 12 = 1728 என்பதால் 1734 இற்கு 2, 3, 5, 7, 11 போதும். அவற்றையெல்லாம் வகுத்து எடுத்த பிறகு மிஞ்சும் எண் நிறைவர்க்கமா என்று மட்டும் பாருங்கள். நிறைவர்க்கம் என்றால் அதன் மூலம் வெளியே வரும். இல்லையென்றால் அதற்குள் எந்த வர்க்கமும் ஒளிந்திருக்க வழியில்லை. ஏனென்றால் மிஞ்சியதன் காரணிகள் எல்லாம் கனமூலத்தை விடப் பெரியவை. அப்படி மூன்று காரணிகள் இருந்தால் பெருக்கம் தொடங்கிய எண்ணையே தாண்டிவிடும். ஆக, அதிகபட்சம் இரண்டு காரணிகள்தான். அவை இரண்டும் ஒன்றே என்றால் நிறைவர்க்கம், வேறு என்றால் இல்லை. 169, 289, 361 ஆகிய மூன்றும்தான் வழக்கமாக ஏமாற்றுபவை.

விடையைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். வெளியே உள்ளதை வர்க்கித்து உள்ளே உள்ளதால் பெருக்குங்கள்: 17 × 17 × 6 = 289 × 6 = 1734. தொடங்கிய எண் வந்துவிட்டது.

இதே பெருக்கலைத் திருப்பிச் செய்தால் வெளியே உள்ளதை உள்ளே கொண்டுபோகலாம். 5√2, 4√3 இரண்டில் எது பெரியது? 5√2 = √50, 4√3 = √48. தசமமே தேவையில்லை. ஆனால் −3√2 ஐ உள்ளே கொண்டுபோகும்போது கழித்தல் குறி வெளியிலேயே நிற்கும்: −√18. குறியையும் வர்க்கித்து √18 என்று எழுதினால் மறை எண் நேர் எண்ணாகிவிடும்.

கூட்டலும் பெருக்கலும்

3அ + 2அ = 5அ ஆவது போலவே 3√5 + 2√5 = 5√5. √5 ஐ ஒரு பொருளாக நினைத்துக்கொண்டால் போதும். நிகர்த்த உறுப்புகள் மட்டுமே சேரும். √2 + √3 இதற்கு மேல் எங்கும் போகாது. அதை √5 ஆக்க முனைவதுதான் மேலே சொன்ன வேலிக் கணக்கு.

√12 + √27 − √48 என்பது முதல் பார்வையில் ஒன்றோடொன்று சேராத மூன்று உறுப்புகள். ஒவ்வொன்றையும் சுருக்குங்கள்: 2√3 + 3√3 − 4√3 = √3. ஆகவே கூட்டல், கழித்தல் என்றால் முதலில் சுருக்கிவிட்டுத்தான் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். 5√3 − √3 என்பது 4√3. வெறும் 5 அல்ல. எதுவும் முன்னால் இல்லாத √3 இற்கு 1 முன்னால் இருக்கிறது என்பதை மறந்தால் இந்தப் பிழை வரும்.

பெருக்கலில் நிகர்த்த உறுப்பு என்ற நிபந்தனை இல்லை. வெளியே உள்ளது வெளியே உள்ளதோடும், உள்ளே உள்ளது உள்ளே உள்ளதோடும் பெருகும்: 3√2 × 4√6 = 12√12 = 12 × 2√3 = 24√3. எண்கள் பெரிதென்றால் முதலில் சுருக்குவது புத்திசாலித்தனம். √72 × √50 ஐ √3600 ஆக்கலாம்; 6√2 × 5√2 = 30 × 2 = 60 என்றும் போடலாம். இரண்டாவதில் பெருக்கல் பிழைக்கு இடம் குறைவு.

அடைப்பு இருந்தால் வழக்கம்போல விரிக்க வேண்டியதுதான். (√5 + √2)² = 5 + 2√10 + 2 = 7 + 2√10. நடுவில் வரும் 2√10 ஐ விட்டுவிட்டு 7 என்று எழுதினால், மீண்டும் அதே பழைய பிழை வேறு உடையில்.

பகுதியில் மூலம் இருந்தால்

எளிய வடிவம் என்று சொல்ல மூலக்குறிக்குள் நிறைவர்க்கக் காரணி இருக்கக் கூடாது என்று பார்த்தோம். இன்னும் இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு: குறிக்குள் பின்னம் இருக்கக் கூடாது, பின்னத்தின் பகுதியில் சேடு இருக்கக் கூடாது. கடைசியானது ஏன் என்று பிள்ளைகள் கேட்பது நியாயம். 1/√2 இல் பிழை எதுவும் இல்லை. ஆனால் கணிகருவி இல்லாமல் அதன் பெறுமானத்தைக் கண்டு பாருங்கள். 1 ஐ 1.41421 ஆல் நெடும்பிரித்தல் செய்ய வேண்டும். அதையே √2/2 என்று எழுதினால் 1.41421 ஐ 2 ஆல் வகுக்க வேண்டும், 0.7071 என்று வாயாலேயே சொல்லிவிடலாம். சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கணிகருவி கொண்டுபோக முடியாது என்பதால் நமக்கு இந்த வசதி இன்னும் கைகொடுக்கிறது. இரண்டு பேரின் விடைகள் ஒன்றா என்று ஒப்பிடவும் ஒரே வடிவம் தேவை. 6/√3 உம் 2√3 உம் சமன் என்று பார்த்தவுடன் தெரியாது.

தனி உறுப்பு என்றால் தொகுதியையும் பகுதியையும் அந்தச் சேட்டால் பெருக்குங்கள். 5/(2√3) இற்கு √3 ஆல் பெருக்கினால் போதும்: 5√3/(2 × 3) = 5√3/6. முழு 2√3 ஆலும் பெருக்கினால் 10√3/12 வந்து, பிறகு சுருக்க வேண்டி வரும். பிழையில்லை, வீண்வேலை. பகுதியில் √72 போல ஒன்று இருந்தால் முதலில் அதை 6√2 ஆக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

குறிக்குள் பின்னம் இருந்தால் ஒரு குறுக்குவழி: பகுதியை உள்ளேயே நிறைவர்க்கமாக்கிவிடுங்கள். √(3/8) இல் 3/8 = 6/16 என்று எழுதினால் விடை நேராக √6/4. 8 ஐ 8 ஆல் பெருக்கி 64 ஆக்கவேண்டியதில்லை, 2 ஆல் பெருக்கினால் போதும். மூன்று பரப்புச் சதுரத்தின் பக்கமும் இப்படித்தான் வரும். பரப்பளவு 8,167.5 சதுர அடி, அதாவது 16335/2 = 32670/4. 32670 = 1089 × 30 என்பதால் பக்கம் 33√30/2 அடி, ஏறத்தாழ 90.37.

பகுதியில் இரண்டு உறுப்புகள் இருந்தால் நடுக்குறியை மாற்றிய கோவையால் பெருக்க வேண்டும். 4/(√7 − √3) இற்கு √7 + √3. பகுதி (√7)² − (√3)² = 7 − 3 = 4 ஆகிவிடும்; மேலே 4(√7 + √3). விடை √7 + √3. குறியை மாற்றாமல் அதே √7 − √3 ஆல் பெருக்கினால் பகுதி 10 − 2√21 ஆகும், சேடு போகவில்லை. வர்க்க வித்தியாசம்தான் இங்கே வேலை செய்கிறது. நடு உறுப்புகள் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதற்கு எதிர்க்குறிகள் தேவை.

இருபடிச் சமன்பாட்டின் கடைசி வரியிலும் ஒரு பொறி இருக்கிறது. ப² − 6ப + 4 = 0 இற்குச் சூத்திரத்தைப் போட்டால் ப = (6 ± √20)/2 = (6 ± 2√5)/2. இதை 6 ± √5 என்றோ 3 ± 2√5 என்றோ எழுதுவது வழமையான பிழை. 2 தொகுதி முழுவதையும் வகுக்கிறது. 6 உம் 2√5 உம் இரண்டும் பாதியாக வேண்டும்: 3 ± √5. தொகுதியை 2(3 ± √5) என்று பொதுக்காரணி எடுத்து எழுதிய பிறகு வெட்டினால் பிழைவிடவே முடியாது.

எழுத்துகள் உள்ளே வந்தால்

எண்களுக்கு முதன்மைக் காரணிச் சோடி. எழுத்துகளுக்குச் சுட்டியின் பாதி. √(அ⁶) இல் ஆறு அ மூன்று சோடிகள். சுட்டி ஒற்றையென்றால் ஒன்றைப் பிரித்து வையுங்கள்: √(அ⁹) = √(அ⁸ × அ) = அ⁴√அ. 9 ஐப் பார்த்ததும் அதன் மூலமான 3 ஐ எடுத்து அ³ என்று எழுதுவது மிகச் சாதாரணமாக நடக்கும். மூலம் எடுக்க வேண்டியது அ⁹ இற்கு. சுட்டியான 9 இற்கு அல்ல. அ³ ஐ வர்க்கித்தால் அ⁶ தான் வரும்.

இனி நுட்பமான இடம். √(அ²) = அ என்று எழுதிவிடலாமா? அ = −3 என்று இட்டுப் பாருங்கள். √((−3)²) = √9 = 3; அது −3 அல்ல. சரியான விடை |அ|, அதாவது அ இன் மட்டு: கழித்தல் குறி இருந்தால் அதை விட்டுவிட்ட பெறுமானம். வினாவில் அ நேர் எண் என்று சொல்லப்பட்டிருந்தால் மட்டு தேவையில்லை. சொல்லப்படாவிட்டால், இரட்டைச் சுட்டியில் இருந்து ஒற்றைச் சுட்டியாக வெளியே வருவதற்கு மட்டும் மட்டு போடுங்கள். √(அ⁴) = அ² எப்படியும் மறையாகாது, அதற்கு வேண்டாம்; √(அ⁶) = |அ³| இற்கு வேண்டும்.

√(75அ⁵ஆ²) = √(25 × 3 × அ⁴ × அ × ஆ²) = 5அ²|ஆ|√(3அ). இதில் அ இற்கு மட்டு கேட்காததற்கு இரட்டைக் காரணம்: வெளியே வந்தது அ², அதோடு குறிக்குள் அ⁵ இருப்பதால் அ மறையாக இருந்தால் கோவையே மெய்யெண்ணாக இராது.

√(அ² + 9) ஐ அ + 3 என்று எழுத வேண்டாம்; அ = 4 என்று இட்டால் ஒன்று 5, மற்றது 7. √(அ² + 6அ + 9) வேறு விடயம்: உள்ளே இருப்பது (அ + 3)², ஆகவே |அ + 3|. √(4அ² + 36) இலும் எதுவும் செய்ய முடியாது என்று விட்டுவிடத் தேவையில்லை. பொதுக்காரணி 4 ஐ எடுத்தால் 2√(அ² + 9). கூட்டலாகக் கிடப்பதைப் பெருக்கலாக மாற்ற முடிந்தால் மட்டுமே வெளியே வரும் வழி திறக்கும்.

கனமூலத்துக்கும் இதே வேலைதான், சோடிக்குப் பதிலாக மும்மூன்றாகச் சேர்க்க வேண்டும்: 54 = 3 × 3 × 3 × 2, ஆகவே ³√54 = 3 × ³√2. மறை எண்ணையும் அங்கே உள்ளே விடலாம்; ³√(−8) = −2. வர்க்கமூலத்தில் அப்படி முடியாது. √(−4) × √(−9) ஐ √36 ஆக்கிவிடுவது தவறு. பெருக்கல் விதிக்கு முன்னால் நாம் போட்ட நிபந்தனை அங்கே இல்லை.

மூலத்துக்குள் மூலம்

√(7 + 2√10) போன்ற கோவை பார்க்கவே பயமுறுத்தும். மேலே (√5 + √2)² = 7 + 2√10 என்று கண்டோம்; ஆகவே இதன் விடை √5 + √2. அப்படி முன்கூட்டியே தெரியாதபோது, கூட்டினால் 7 உம் பெருக்கினால் 10 உம் வரும் இரண்டு எண்களைத் தேடுங்கள்: 5, 2. காரணிப்படுத்தலில் செய்யும் அதே தேடல்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, உள்ளே இருக்கும் மூலத்துக்கு முன்னால் 2 இருந்தே ஆக வேண்டும். அது விரித்தலில் வரும் நடு உறுப்பின் 2. √(4 + √12) இல் அது தெரியவில்லை என்றால் √12 ஐ 2√3 ஆக்குங்கள். கூட்டினால் 4, பெருக்கினால் 3: 3 உம் 1 உம். விடை √3 + 1. இரண்டாவது, நடுவில் கழித்தல் இருந்தால் பெரியதை முன்னால் எழுத வேண்டும். √(8 − 2√15) என்பது √5 − √3. √3 − √5 ஐ வர்க்கித்தாலும் அதே 8 − 2√15 வரும், ஆனால் அது மறை எண். √ குறி மறை எண்ணைத் தராது.

எல்லாம் இப்படி விரியாது. √(5 + 2√3) இற்குக் கூட்டினால் 5 உம் பெருக்கினால் 3 உம் வரும் முழு எண்கள் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காமல் முதலே பார்க்கலாம்: கூட்டுத்தொகையின் வர்க்கத்திலிருந்து பெருக்கத்தின் நான்கு மடங்கைக் கழியுங்கள். 25 − 12 = 13, நிறைவர்க்கம் அல்ல. √(7 + 2√10) இல் 49 − 40 = 9, நிறைவர்க்கம். 13 வந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு √(5 + 2√3) என்றே விடையாக விடுங்கள்.